வீட்டுவண்டியும் ரயர்க் காற்றும்



விடுமுறைக் காலம் வந்ததும், காரின் பின்னே ஒரு சிறு வீட்டைக் கொளுவிக்கொண்டு மலையடிவாரத்துக்கும் ஏரிக்கரைக்கும் புறப்படும் வழக்கம் மேனாடுகளிலே பரவலாக உண்டு. அந்த வீட்டினுள்ளே படுக்கை இருக்கும், அடுப்பு இருக்கும், தண்ணீர்த் தொட்டியும் உடுப்புப் பெட்டியும் இருக்கும். ஆங்கிலேயர் இதனைக் 'கரவன்' என்பர். அமெரிக்கர் 'றெயிலர்' என்பர். நாம் இப்பேச்சில் வீட்டுவண்டி என்றே வழங்குவோம். 1885ஆம் ஆண்டில் கோடன் ஸ்ரேபிள்ஸ் என்னும் ஸ்கொத்லாந்து மருத்துவர், 'வாண்டரர்' எனப் பெயரிட்ட குதிரைவண்டி வீடொன்றிலே பிரித்தானியாவைச் சுற்றி வந்தார். உல்லாசப் பயணத்துக்கெனச் செய்யப்பட்ட வீட்டுவண்டிகளுக்கு அது முன்னோடி எனலாம். 1936இல் வொலி பையம் என்னும் அமெரிக்கர், அலுமினியத் தகட்டினாலான 'எயர்ஸ்ரீம் கிளிப்பர்' என்னும் வண்டியைக் கலிபோர்ணியாவில் அமைத்தார். இன்று வட அமெரிக்காவிலும், பிரித்தானியாவிலும், அவுஸ்திரேலியாவிலும் இவ்வகை வண்டிகள் நெடுஞ்சாலைகளிலே நிறைய ஓடுகின்றன. நம்மவர் பலர் குடியேறி வாழும் நாடுகளும் இவையேயாம்.

இவ்வண்டியைப் பற்றி எழும் கேள்விகளுள் மிகச் சிறியதாகத் தோன்றுவது ஒன்றுண்டு. இதன் ரயர்களுக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பதே அது. கேள்வி சிறிது, ஆனால் விடையிலே தவறினால் விளைவது பெரிது. ஆகவே, அதனை அடிப்படையிலிருந்து ஆராய்வோம்.

முதலிலே, வண்டியின் பாரத்தைத் தாங்குவது யாது? இறப்பர் தாங்குகின்றது என்றே பலர் எண்ணுவர். காற்று இறங்கிய சைக்கிள் ரயரை விரலால் அமுக்கிப் பார்த்த சிறுவனும் அவ்வெண்ணம் பிழை என்பதை அறிவான். இறப்பரும் அதனுள்ளே பொதிந்த நூலும் கம்பியும் சேர்ந்து ஒரு பை ஆகின்றன. அப்பையினுள்ளே அடைபட்ட காற்றே பாரத்தின் பெரும்பங்கைத் தாங்குகின்றது. 1845ஆம் ஆண்டில் றொபேட் வில்லியம் தொம்சன் என்பவர் காற்றடைத்த சக்கரத்துக்கு முதன்முதல் காப்புரிமை பெற்றார். அன்று அது வழக்கில் நிலைபெறவில்லை. 1888இல் பெல்பாஸ்ற் நகரிலே மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லப், தம் மகனுடைய முச்சக்கரச் சைக்கிளுக்காக அதனை மீண்டும் கண்டார். அதன் பின்னரே உலகெங்கும் பரவியது. அதற்கு வேண்டிய இறப்பர் கீழ்த்திசையிலே வேரூன்றியதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பிரேசிலிலிருந்து கொணரப்பட்டு இலண்டன் கியூ பூங்காவிலே முளைத்த இறப்பர்க் கன்றுகள், 1876ஆம் ஆண்டில் கம்பகாவையடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்டன.

காற்றுத் தாங்குகின்றது என்பதைக் கணக்கிலும் காட்டலாம். ரயரின் அமுக்கத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று அளப்பது வழக்கம். ஓர் இறாத்தல் ஏறத்தாழ 454 கிராம். ஒரு ரயரின் மேல் 1,540 இறாத்தல் நிறை இறங்குகின்றது எனவும், உள்ளே உள்ள அமுக்கம் 50 எனவும் கொள்வோம். 1,540ஐ 50ஆற் பிரித்தால் ஏறக்குறைய 31 வரும். அதாவது, தரையைத் தொடும் ரயரின் பரப்பு ஏறத்தாழ 31 சதுர அங்குலம். விரல்களையும் சேர்த்து விரித்து வைத்த ஒரு கையின் அளவு. அமுக்கம் 40 ஆகக் குறைந்தால், அதே பாரத்தைத் தாங்க ஏறத்தாழ 38 சதுர அங்குலம் வேண்டும். ரயர் தன்னைத்தானே நசுக்கித் தட்டையாக்கிக்கொண்டு அந்த மேலதிகப் பரப்பைத் தேடிக்கொள்ளும். ரயரின் பக்கச் சுவர் விறைப்பாக இருப்பதனாற் கணக்குச் சிறிது மாறுபடும். ஆயினும் அடிப்படை இதுவே.

இவ்வாறு நசுங்குவதில் என்ன கேடு? மெல்லிய கம்பி ஒன்றை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் வளைந்த இடம் சுடும், பின்னர் முறியும். ரயரின் பக்கச் சுவரும் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும்போது வளைந்து, தரையை விட்டதும் நிமிர்கின்றது. ஒரு மைல் தூரத்தில் இது எழுநூறு தடவைக்கு மேல் நிகழும். காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு தடவையும் அளவுக்கு மேல் வளையும். வளைவுக்கு ஏற்ப வெப்பம் பிறக்கும். இறப்பர் வெப்பத்தை எளிதிற் கடத்தாத பொருளாதலின் அவ்வெப்பம் உள்ளேயே தங்கும். ஒட்டியிருக்கும் படைகள் மெல்ல மெல்ல விலகும். முடிவிலே, ரயரின் மேற்பட்டை உரிந்து பறக்கும், அல்லது பக்கச் சுவர் வெடிக்கும். பார்ப்போர், ஆணி குத்தியது என்றோ வெயிற் சூட்டில் வெடித்தது என்றோ கூறுவர். உண்மையில் அந்த ரயர் பல நாளாகவே உள்ளிருந்து அழிந்து கொண்டிருந்திருக்கலாம்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2000ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவிலே பயர்ஸ்ரோன் நிறுவனம் 65 இலட்சம் ரயர்களைத் திருப்பி அழைத்தது. அவற்றுட் பெரும்பாலானவை போட் நிறுவனத்தின் 'எக்ஸ்புளோறர்' என்னும் வண்டியிற் பூட்டப்பட்டவை. மேற்பட்டை உரிந்து வண்டிகள் கவிழ்ந்ததில் இருநூற்றெழுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர் என அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது. அவ்விபத்துகளுக்குக் காரணம் ரயரின் அமைப்போ, வண்டியின் அமைப்போ என்ற வாதம் நெடுநாள் நடந்தது. அவ்வாதத்தின் நடுவே நின்ற ஓர் எண், காற்றின் எண்ணே. வண்டி செய்தவர் 26 இறாத்தல் போதும் என்று விதித்திருந்தனர். ரயர் செய்தவர் 30 வேண்டும் என்றனர். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்காவிலே புதிய சட்டம் ஒன்று நிறைவேறியது. அதன் பயனாக, காற்றுக் குறைந்தால் ஓட்டுபவருக்கு எச்சரிக்கை விளக்குக் காட்டும் கருவி, 2007ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதலாகச் செய்யப்படும் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயிற்று. ஆனால் அவ்விதி இழுக்கும் காருக்கே உரியது. பின்னே வரும் வீட்டுவண்டிக்கு அது கருவியைக் கட்டாயமாக்கவில்லை. தனியே வாங்கிப் பூட்டினாலன்றிப் பெரும்பாலான வண்டிகளில் அது இராது.

காரைக் காட்டிலும் வீட்டுவண்டிக்கே கவனம் மிகுதியாக வேண்டும் என்பதற்கு வேறு காரணங்களும் உள. காரின் ரயர் ஒன்றிற் காற்று இறங்கினால், ஓட்டுபவரின் கை உடனே அதனை உணரும். வீட்டுவண்டியிலோ ஆள் இல்லை. ஒரு ரயர் நைந்து புகையும் வரையிலும் முன்னிருப்பவர் அறியாமலே பல மைல் செல்லக்கூடும். இரண்டு அச்சுகள் உள்ள வண்டியில் ஒரு ரயர் இளைத்தால், அதன் பாரம் அதே பக்கத்து மற்ற ரயரின் மேல் விழும். ஒன்று கெட அடுத்ததும் கெடும். அத்தகைய வண்டி முடக்கிலே திரும்பும்போது ரயர்கள் தரையிற் பக்கவாட்டாக உரசி இழுபடுவதும் உண்டு. இன்னும், இவ்வண்டி ஆண்டிற் பல மாதம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். நிற்கும் வண்டியை யாரும் நோக்குவதில்லை. காற்றோ நிற்கும்போதும் கசியும்.

இனி, எவ்வளவு காற்று என்னும் கேள்விக்கு வருவோம். இதற்கு மூன்று எண்களை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, வண்டி செய்தவர் தகட்டிலோ ஒட்டுத்தாளிலோ குறித்துள்ள எண். அமெரிக்க வண்டிகளில் இது பெரும்பாலும் இடப்பக்கத்தின் முன்புறத்திற் காணப்படும். ரயரின் அளவு, குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டிய அமுக்கம், வண்டி தாங்கக்கூடிய நிறை ஆகியன அதில் இருக்கும். முதன்முதல் நம்ப வேண்டியது இதனையே.

இரண்டாவது, ரயரின் பக்கச் சுவரிற் பொறித்துள்ள எண். இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் அவசியம். காரின் ரயரிற் பொறித்த உச்ச அமுக்கம், அடிக்க வேண்டிய அளவாகாது. அது தாண்டக் கூடாத எல்லை. காருக்கு அடிக்க வேண்டிய அளவு, காரின் கதவு நிலையில் உள்ள ஒட்டுத்தாளிற் காணப்படும். வீட்டுவண்டிக்கென்றே செய்யப்படும் ரயர்களோ வேறு இனம். அமெரிக்காவில் அவற்றின் அளவுக்கு முன்னே 'எஸ்.ரி.' என்னும் எழுத்துகள் இருக்கும். அந்த ரயரின் முழுத் தாங்குதிறனும் பக்கச் சுவரிற் குறித்த அமுக்கத்திலேதான் கிடைக்கும். ஆதலின், அவ்வகை ரயருக்குப் பொறித்த அளவு முழுவதையும் அடித்தலே நன்று என ரயர் செய்வோர் பலர் கூறுவர். வண்டித் தகட்டில் உள்ள எண்ணும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

மூன்றாவது, உண்மையான நிறை. இதனையே பலர் அறியாது விடுகின்றனர். தகடு கூறுவது வண்டி எவ்வளவு தாங்கும் என்பதை. நாம் எவ்வளவு ஏற்றியுள்ளோம் என்பதை அது கூறாது. வண்டியில் ஏற்றுவது மயிலிறகே ஆயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திலே வைத்துள்ளார். வீட்டுவண்டியில் ஏறுவதோ மயிலிறகன்று. தண்ணீர் மட்டுமே ஒரு லீற்றருக்கு ஒரு கிலோ. ஆகவே, பயணத்துக்கு ஆயத்தமான நிலையில், தண்ணீரும் பண்டமும் ஏற்றியபின், லொறிகளை நிறுக்கும் தராசுமேடைக்குக் கொண்டுசென்று நிறுத்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டினாற் பொருள் விளங்கும். இரண்டு அச்சும் நான்கு ரயரும் உடைய வண்டி ஒன்று 7,000 இறாத்தல் நிறை உடையது எனக் கொள்வோம். மாட்டுவண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றும் முறையை நீங்கள் அறிவீர்கள். இங்கும் அது உண்டு. மொத்த நிறையில் நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து வரையிலான பங்கு, காரின் கொளுவியின் மேல் முன்பாரமாக இறங்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கு. இங்கே பன்னிரண்டு பங்கு என வைத்தால் 840 இறாத்தல் காரின் மேல் இறங்கும். எஞ்சிய 6,160ஐ நான்கு ரயர்களும் தாங்கும்; ஒவ்வொன்றுக்கும் 1,540. இவ்வகை வண்டிகளிற் பலவற்றில் உள்ள 'எஸ்.ரி. 205/75 ஆர் 14' என்னும் அளவுடைய, 'சி' எனச் சுமைத்தரம் குறித்த ரயர், 50 இறாத்தல் அமுக்கத்தில் 1,760 இறாத்தல் தாங்கும். ஆகவே 220 இறாத்தல் கையிருப்பு உண்டு. போதும் என்று தோன்றும்.

அந்தக் கையிருப்பு எவ்வாறு கரைகின்றது என்பதைக் காண்போம். கோடை நடுவில், வெப்பநிலை 80 பாகை பரனைற்றாக இருக்கும்போது, ரயருக்குச் சரியாக 50 இறாத்தல் காற்று அடித்தார்கள். பயணம் முடிந்தது, வண்டி கொட்டகையில் நின்றது. நல்ல ரயரிலும் மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் அமுக்கம் கசிந்து போகும். ஐந்து மாதத்தில் ஐந்து போயிற்று. பின்னர் குளிர்நாளொன்றின் காலையில், வெப்பநிலை 40 பாகையாக இருக்கும்போது, மீண்டும் பயணம் தொடங்குகின்றது. வாயு குளிர்ந்தால் அதன் அமுக்கம் குறையும் என்பதைப் பள்ளிக்கூடத்திற் படித்திருப்பீர்கள். இந்த அமுக்கத்தில் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஓர் இறாத்தலுக்குச் சற்று மேலாகக் குறையும். நாற்பது பாகைக்கு ஏறத்தாழ ஐந்து. ஆக, 50 ஆக இருந்த அமுக்கம் இப்போது 40 ஆயிற்று. ஆணி குத்தவில்லை, வால்வு பழுதாகவில்லை, யாரும் ஒரு தவறும் செய்ததாகத் தோன்றவில்லை. ஆனால் 40 இறாத்தல் அமுக்கத்தில் அந்த ரயரின் தாங்குதிறன் ஏறத்தாழ 1,530 இறாத்தலே. தாங்க வேண்டியதோ 1,540. கையிருப்பு முழுவதும் மறைந்தது. சமையற்கட்டும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே பக்கத்தில் அமைந்து, அப்பக்கத்து ரயரின் மேல் 1,650 இறாத்தல் இறங்குமாயின், அந்த ரயர் தன் வலிமைக்கு மேற்பட்ட பாரத்தோடு நெடுஞ்சாலையில் ஏறுகின்றது. கண்ணால் நோக்கினால் இதனைக் கண்டுபிடிக்க இயலாது. ரயரைக் காலால் உதைத்துப் பார்ப்பதும் பயனற்றது. அமுக்கமானி ஒன்றே இதனைக் காட்டும்.

அளக்கும் முறையிலும் ஒழுங்கு உண்டு. தகட்டிலும் ரயரிலும் குறித்த எண் குளிர்ந்த நிலைக்கு உரியது. குளிர்ந்த நிலை என்பது பனிக்காலத்தைக் குறிப்பதன்று. வண்டி மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற நிலையைக் குறிக்கும். வெயில் ஒரு பக்கத்து ரயரின் மேல் விழுந்தால் அப்பக்கத்து அமுக்கம் கூடித் தோன்றும். ஆகையால், விடியற்காலையில், புறப்படுவதற்கு முன்னர் அளத்தல் சிறந்தது. ஓடத் தொடங்கியபின் ரயர் சூடேறி அமுக்கம் உயர்வது இயல்பு. குறித்த எண்ணில் அதற்கு முன்னரே இடம் விடப்பட்டுள்ளது. நடுவழியிலே அளந்து பார்த்து, 'காற்றுக் கூடிவிட்டது' என்று திறந்து விடுவோர் பெருந்தவறு செய்கின்றனர். அந்த ரயர் குளிர்ந்தபின், வேண்டிய அளவிலும் குறைந்து நிற்கும். மறுநாட் பயணத்திலே மேலும் வளையும், மேலும் சூடேறும்.

அப்படியாயின், அளவுக்கு மேல் அடித்துவிட்டாற் பாதுகாப்பன்றோ எனச் சிலர் கேட்கலாம். அன்று. பொறித்த உச்ச அளவைத் தாண்டுதல் ரயருக்கும் தகாது. சக்கர விளிம்புக்கும் தகாது. மிகையாகக் காற்றடைத்த ரயர் நடுப்பகுதியால் மட்டுமே தரையைத் தொடும், அங்கே விரைவில் தேயும், பிடிப்புக் குறையும், குழியில் விழுந்தால் அடி தாங்காது. வண்டி துள்ளுவதால் உள்ளே அலுமாரிகளும் பாத்திரங்களும் குலுங்கி உடையும். குறைவான பாரத்துக்குக் குறைவான காற்றுப் போதும் என்பதும் உண்மையே. ஆனால், ரயர் செய்தவரின் சுமை அட்டவணையைக் கையில் வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் நிறையையும் நிறுத்து அறிந்தவரே அவ்வாறு குறைக்கலாம். வண்டித் தகட்டின் அளவுக்குக் கீழே, ஊகத்தினாற் குறைத்தல் ஆகாது.

ஒரு பக்கத்தில் 50, மறுபக்கத்தில் 42 என ஏறுமாறாக இருப்பதும் தீது. வண்டி ஒரு பக்கம் சாயும், நேரே பின்தொடராது. விரைந்து ஓடும்போதோ, பெரிய லொறி ஒன்று கடந்து செல்லும்போதோ அது வாலாட்டத் தொடங்கும். முன்பாரம் போதாமையே வாலாட்டத்துக்குப் பெருங்காரணமாயினும், இளைத்த ரயர் அதனை மிகுவிக்கும். வாலாட்டம் ஓங்கினாற் பின்வண்டி முன்னுள்ள காரையும் இழுத்துக் கவிழ்த்துவிடும். வேகத்துக்கும் எல்லை உண்டு. 'எஸ்.ரி.' வகை ரயர்கள் நெடுங்காலமாக மணிக்கு 65 மைல் வேகத்துக்கென அமைக்கப்பட்டு வந்தன. அதற்கு மேற்பட்ட வேகத்துக்குரியதெனக் குறிப்பு இல்லாத ரயரை அவ்வெல்லையுள்ளே ஓட்டுதல் வேண்டும். பிரித்தானியாவிலே கரவன் இழுக்கும் காருக்குப் பெருஞ்சாலையிற் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு 60 மைல்.

காற்றுச் சரியாயிருப்பினும் முதுமை விடாது. வீட்டுவண்டியின் ரயர் தேய்வதற்கு முன்னரே வெயிலாலும் காலத்தாலும் வெடிப்புற்றுப் பழுதாகும். ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறந்த நாளைக் கூறும். 2319 எனின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். பூ அழியவில்லை என்று பத்தாண்டு பழைய ரயரை நம்பி நெடும்பயணம் போதல் விவேகம் ஆகாது. மேலதிகச் சக்கரத்தையும் மறத்தல் கூடாது. பெரும்பாலும் காற்றில்லாமற் கிடப்பது அதுவே.

ஆகவே, செய்ய வேண்டியவை சிலவே. ஆயத்தமான வண்டியை ஒரு தடவையேனும் நிறுத்தல். தகட்டின் எண்ணைக் குறித்து வைத்தல். சொந்தமாக ஒரு நல்ல அமுக்கமானி வைத்திருத்தல். பயணத்தில் ஒவ்வொரு நாளும் காலையில், குளிர்ந்த நிலையில், எல்லா ரயர்களையும் அளத்தல். குறைந்ததை நிரப்பி வால்வின் மூடியை இடுதல். நான்கு ரயருக்கும் இது பத்து நிமிட வேலை.

சாலை நமக்கு மட்டும் உரியதன்று. வீட்டுவண்டியின் ரயர் வெடிக்கும்போது, உரிந்த பட்டை பின்னே வரும் மோட்டார்ச் சைக்கிள்காரனின் மேல் விழலாம். கவிழ்ந்த வண்டி எதிரே வரும் குடும்பத்தின் பாதையை மறிக்கலாம். அவர்கள் நம் ரயரை அளந்து பார்க்க இயலாதவர்கள். அவர்களுக்காகவும் அளக்க வேண்டியவர் வண்டியை இழுத்துச் செல்பவரே.